ஆண்டாள் பேசிக்கொண்டேதான் இருந்தாள்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் ஆண்டாளை வாயாடி என்பார்கள். குற்றமாகச் சொல்வதில்லை. வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வார ஆரம்பித்தால் அவள் பேச்சும் ஆரம்பித்துவிடும். முந்தின நாள் வைத்த குழம்பு, பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்டவன், டிவி நாடகத்தில் அந்த மருமகள் செய்தது சரியா தப்பா, எல்லாம் வரும். பக்கத்துப் பாத்தியில் வாருகிற சின்னப்பாப்பா, "இவ பேச்சக் கேட்டுக்கினே வாரினா கால் எரியறது தெரியல" என்பாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் சத்யப்ரியா. புருஷன் கலியன் உப்பு லாரியில் லோடு ஏற்றுகிறவன். லாரியோடு வெளியூர் போனால் வீடு திரும்ப ரெண்டு மூன்று நாளாகும். ஆகவே வீட்டில் பெரும்பாலும் அம்மாவும் பெண்ணும்தான். ஒரு வயசில் பிள்ளைக்கு வந்த காய்ச்சலில் உயிர் தப்பியதே பெரிசு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதன்பிறகு பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை. 'ம்ம்', 'ஆ' என்று சத்தம் வரும், அவ்வளவுதான். லேட்டாகப் பேசுகிற பிள்ளைகள் ஊரில் இல்லையா என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு ஆண்டாள் இரும்பை என்கிற ஊரின் சிவன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டும் வந்தாள்.

பிள்ளை பேசாததையும் சேர்த்து ஆண்டாளே பேசினாள். தலை வாரும்போது, குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது ஓயாமல் கதை. சத்யா கண்ணெடுக்காமல் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நான் பேசுறத எம்பொண்ணு மாதிரி யாரு கேக்குறா" என்று ஆண்டாள் உப்பளத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். கூப்பிட்டால் சில நேரம் வரமாட்டாள் என்பது ஒன்றுதான் குறை. அந்தப் பிடிவாதத்துக்காக ரெண்டு மூன்று தடவை அடித்தும் இருக்கிறாள்.

ஊர்ப் பள்ளிக்கூடம் உப்பளத்தை ஒட்டி இருந்தது. ஐந்து வகுப்பு, ரெண்டு டீச்சர். சத்யா கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து முத்து முத்தாக எழுதுவாள். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். கொஞ்சம் மந்தமான பிள்ளை என்று ஒதுக்கிக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். மேரிசெல்வி டீச்சர் தலைமையாசிரியையாக மாற்றலாகி வந்தபோது சத்யா மூன்றாம் வகுப்பில் இருந்தாள்.

அந்த வருஷம்தான் ஈசிஆர் ரோட்டில் இருக்கிற பெரிய தனியார் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கு உதவி என்று அவர்கள் பள்ளியில் ஏற்பாடு. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வேனில் வந்து இறங்குவார்கள். வெளிச்சுவரில் ரயில் வண்டி வரைந்தார்கள். ஒரு அலமாரி வாங்கிக் கதைப் புத்தகம் நிரப்பினார்கள். இங்கிலீஷ் பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். தங்களுக்குக் கொண்டுவந்த பிஸ்கட்டைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பங்கு போட்டுத் தின்பார்கள்.

அதில் ஒருத்தி ஜான்சி. அந்தப் பள்ளியில் வேன் ஓட்டுகிறவரின் மகள். அப்பா அங்கே வேலை செய்வதால் அங்கே படிக்கக் கிடைத்தவள். அவளுடைய அண்ணன் சகாயராஜுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

பாட்டுக்கு எல்லாப் பிள்ளைகளும் கை ஆட்டும்போது கடைசி வரிசைப் பெண் மட்டும் ஒரு கணம் பிந்தி ஆட்டுவதை ஜான்சி கவனித்தாள். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள். பாட்டு முடிந்ததும் ஜான்சி சத்துணவுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் போய்க் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சத்யா ஜன்னல் கம்பியில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜான்சி சொன்னதைக் கேட்டுத் திங்கட்கிழமையே மேரிசெல்வி டீச்சர் ஆண்டாளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். பாத்தியிலிருந்து அப்படியே வந்து நின்ற ஆண்டாள் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"காது கேக்குதுங்க டீச்சர். தீபாவளிக்கு வெடி போட்டா திரும்பிப் பாக்குறா. நான் பேசுனா அப்படியே கேட்டுக்கினு இருப்பா. பேச்சுதான் இன்னும் வரல."

"வெடி நெலத்துல அதிருது ஆண்டாளு. ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். தப்பில்லையே?"

டெஸ்ட்டுக்குப் புதுச்சேரிக்குப் போனார்கள். ஜான்சியும் ஸ்கூலுக்கு லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். குழந்தையின் காதில் எதையோ மாட்டி, திருகி, எழுதி, கடைசியில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்தக் காய்ச்சலில் நரம்பு போயிருக்கிறது. ரெண்டு காதும் கேட்காது. கருவி மாட்டினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. ரொம்பச் சின்ன வயசிலேயே வந்திருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் சத்யா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோட்டக்குப்பம் தாண்டியதும் ஆண்டாள் வழக்கம்போல, "அங்க பாரு, அப்பா லாரி மாதிரியே ஒரு லாரி, தார்ப்பாய்கூட அதே..." என்று ஆரம்பித்து நடுவிலேயே நிறுத்திவிட்டாள். முன்சீட்டிலிருந்த ஜான்சி திரும்பிப் பார்த்தாள். ஆண்டாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கலியன் வந்ததும் சொன்னாள். "நம்ம பேசுனது ஒண்ணுகூட அவளுக்குப் போயி சேரலயாம்."

அதற்குப் பிறகு நடந்தது நல்ல காலம் என்றுதான் சொல்லவேண்டும். சனிக்கிழமைகளில் ஜான்சி மற்ற வகுப்புகளை விட்டுவிட்டு சத்யாவோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அண்ணனிடம் பேசிப் பழகிய சைகைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். நாய், பூனை, பஸ், மழை என்று ஆரம்பித்தது வேகமாகப் போனது. எட்டு வருஷமாகப் பசித்திருந்த பிள்ளை அள்ளி அள்ளிச் சாப்பிடுவது மாதிரி இருந்தது என்று மேரிசெல்வி டீச்சர் சொல்வார்.

ஒருநாள் 'நாளைக்கு' என்பதற்குச் சைகை கற்றுக்கொண்டாள். அதுவரை கலியன் லாரியேறும்போதெல்லாம் சத்யா தெருமுனை வரை ஓடி மண்ணில் விழுந்து அழுவாள். அப்பா செல்லம் என்று எல்லோரும் நினைத்தார்கள். போனவர் திரும்பி வருவார் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை, சொல்ல வழியும் இருந்ததில்லை. அந்த வாரம் மறுநாளே திரும்புகிற லோடுக்குக் கலியன் கிளம்பியபோது ஜான்சி அங்கே இருந்தாள். "அப்பா. நாளைக்கு. வருவார்" என்று கையால் சொன்னாள். சத்யா அப்பாவைப் பார்த்து அதே சைகையைத் திரும்பக் காட்டினாள். கலியன் தலையாட்டினான். அவள் அழவில்லை, கையை ஆட்டி அனுப்பிவைத்தாள். லாரி போனபிறகு ஆண்டாள்தான் உள்ளே போய் அழுதாள்.

"நீங்களும் கத்துக்கங்கக்கா" என்றாள் ஜான்சி. "எங்கம்மாவே கத்துக்கிட்டாங்க."

ஆண்டாள் வேலை முடித்து ஒரு சனிக்கிழமை போனாள். காலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நாற்காலி போட்டார்கள், வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தாள். வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. எப்போதோ உப்பு வாரும் பலகை கிழித்த காயம் சீழ் வைத்து ஆறியதில் அப்படியே விறைத்துப்போனவை. ஜான்சி காட்டியதை அவள் செய்தால் வேறெதுவோ ஆயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள், சத்யாவும் சிரித்தாள். அதில்கூட ஆண்டாளுக்கு வருத்தமில்லை. வேனில் வந்த பெண்ணொருத்தி செல்போனை நீட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, இன்னொரு தடவ பண்ணுங்க, வீடியோ எடுத்துக்குறேன். எங்க ஸ்கூல் பேஜ்ல போடணும்" என்றாள். ஆண்டாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை வேலை இருக்கிறது என்றாள். வேலை இருந்ததும் உண்மைதான், சீசன் உச்சத்தில் இருந்தது. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. ஜான்சி வீட்டுக்கே வந்து கேட்டபோது, "எனக்கு எதுக்கு பாப்பா? அவ கத்துக்கிட்டா போதும். பெத்தவளுக்குப் புள்ள சொல்றது புரியாமப் போயிடுமா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறு வருஷம் பெரிய பள்ளியின் வேன் வேறொரு ஊருக்குப் போனது. எல்லா ஊருக்கும் வாய்ப்புக் கிடைக்கவேண்டும் என்றார்கள். ஜான்சி மட்டும் விடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் படிப்புக்கு நடுவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்தாள். ஆனால் பரீட்சை முடிந்தால் அவள் நர்ஸிங் படிக்க வெளியூர் போகவேண்டும். போவதற்கு முன் அவளும் மேரிசெல்வி டீச்சரும் சேர்ந்து, சென்னைக்குப் போகிற வழியில் உள்ள காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் சத்யாவுக்கு இடம் பார்த்தார்கள்.

ஆண்டாள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "காது கேக்காத புள்ளய ஊர் தெரியாத ஊருல வுட்டுட்டு நான் இங்க சோறு துன்னணுமா?"

"நான் போயிட்டா இங்க அவ யாரு கூடக்கா பேசுவா?" என்றாள் ஜான்சி.

கலியன்தான், "அனுப்பிடலாம்" என்றான்.

அதைப் பெண்ணிடம் சொல்லவேண்டும். வீட்டு வாசலில் ஆண்டாளும் சத்யாவும் ஜான்சியும் உட்கார்ந்தார்கள். "என்னா சொல்லட்டும்க்கா?" என்று கேட்டாள் ஜான்சி.

"நல்ல ஸ்கூலு, நெறைய புள்ளைங்க இருக்குதுன்னு சொல்லு. மாசா மாசம் வந்து பாப்பேன்னு சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "நான் தொரத்தி வுடலன்னு சொல்லு" என்றாள்.

ஜான்சியின் கைகள் அசைந்தன. சத்யா கவனமாகப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். ஜான்சி பதில் சொன்னாள். மறுபடி ஏதோ கேட்டாள், இந்தத் தடவை அம்மாவைக் கைகாட்டி.

"என்னா கேக்குறா?"

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லு பாப்பா. என்னக் காட்டித்தான கேக்குறா?"

ஜான்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா ஏன் எங்கூடப் பேசவே மாட்டேங்குறாங்கன்னு கேக்குறா."

ஆண்டாள் பெண் பக்கம் திரும்பினாள். "நான் பேசிக்கினேதான் இருந்தேன்மா" என்றாள். "பொறந்ததுலருந்து பேசிக்கினேதான் இருந்தேன்." ஜான்சி அதைக் கையால் சொன்னாளா இல்லையா என்று ஆண்டாள் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விடுதியில் சத்யா முதல் வாரம் மட்டும் அழுதாள். பிறகு அழவில்லை. மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம். ஆண்டாள் நெத்திலி வறுத்து எடுத்துக்கொண்டு போவாள். கேட்டுக்கு வெளியே நின்றால் உள்ளே மைதானம் முழுக்கப் பிள்ளைகள் கைகளால் பேசிக்கொண்டிருப்பது தெரியும். அவர்கள் நடுவில் தன் பெண் நின்று ஏதோ கதை சொல்வாள், சுற்றியிருக்கிற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என்ன சொன்னாள் என்று ஆண்டாளுக்குத் தெரியாது. தன்னைப் போலவே வாயாடியாக வந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அம்மாவைப் பார்த்ததும் சத்யா ஓடிவந்து கட்டிக்கொள்வாள். கட்டிக்கொண்டபிறகு ரெண்டு பேரும் உட்கார்ந்து நெத்திலி சாப்பிடுவார்கள்.

முழுப்பரீட்சை லீவுக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. முதல் ரெண்டு நாள் சத்யா அம்மாவிடம் ஓயாமல் சைகை காட்டினாள். ஆண்டாள் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினாள். மூன்றாம் நாள் சத்யா அம்மாவை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வேண்டுமென்றே, கைகளைத் தாறுமாறாக அசைத்தாள். விரலை மூக்கில் வைத்தாள், முட்டியைத் தட்டினாள், காற்றில் வட்டம் போட்டாள். ஆண்டாள் அதற்கும் தலையாட்டினாள். "ஆமா கண்ணு, ஆமா" என்றாள்.

சத்யாவின் கைகள் மடியில் விழுந்தன. அவள் எழுந்து போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். லீவு முடிகிற வரைக்கும், சோறு, தண்ணி, தூக்கம் என்று சின்ன வயசில் பழகிய நாலைந்து சைகைக்கு மேல் வீட்டில் எதுவும் பேசவில்லை. விடுதிக்குத் திரும்பும் நாளில் காலையிலேயே குளித்துப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

காலாண்டு லீவு வருவதற்கு முன் ஒருநாள் ஜான்சி போன் செய்தாள். அவள் நர்ஸிங் காலேஜில் இருந்தாலும் சத்யாவோடு வீடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

"அக்கா, சத்யா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. இந்த லீவுக்கு அவ ஃப்ரெண்டு நிவேதா வீட்டுக்குப் போறாளாம். பொம்மையார்பாளையம். நிவேதாவோட அம்மா அப்பா ரெண்டு பேருக்குமே காது கேக்காது. நல்ல மனுஷங்க, நான் வெசாரிச்சுட்டேன்."

"நம்ம வூட்டுக்கு வரலயா?"

"அங்க எல்லாரும் பேசுவாங்களாம்க்கா."

ஆண்டாள் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "போவச் சொல்லு" என்றாள்.

பொம்மையார்பாளையத்துக்குப் போகிற பஸ் மரக்காணம் வழியாகத்தான் போகவேண்டும். எந்த பஸ் என்று ஜான்சியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, ஆண்டாள் நெத்திலி டப்பாவோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். பஸ் வந்தது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனாள். நிவேதாவும் சத்யாவும் எதிரெதிரே திரும்பி உட்கார்ந்து பேச்சில் மூழ்கியிருந்தார்கள். ஆண்டாள் ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தோளைத் தொட்டாள். சத்யா திடுக்கிட்டுத் திரும்பி, அம்மாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரித்தாள். நிவேதாவின் அப்பா எழுந்து கும்பிட்டார். சத்யா டப்பாவை வாங்கிக்கொண்டாள், ஆண்டாளின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போது அவள் முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. கோபமா என்று கேட்டாளோ, நீயும் வருகிறாயா என்று கேட்டாளோ. ஆண்டாள் தலையாட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். எதற்கென்று தெரியாமல் தலையாட்டுவது இந்தத் தடவை வேண்டாமென்று இருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகளில் தண்ணீர் நின்றது, தை வரைக்கும் உப்பளத்தில் வேலை கிடையாது. ஆண்டாள் ஜான்சியின் வீட்டுக்குப் போய் அவள் அண்ணன் முன்னால் உட்கார்ந்தாள். சகாயராஜ் மரப்பட்டறையில் வேலை பார்க்கிறவன். மழைக்கு அவனுக்கும் வேலை குறைவு. அவன் காட்டுவான், அவனுடைய அம்மா பக்கத்திலிருந்து இதற்கு இது அர்த்தம் என்று சொல்வாள். மடங்காத விரல்களை ஆண்டாள் இடது கையால் பிடித்து மடக்கிப் பார்த்தாள். வலிதான் வந்தது. சகாயராஜ் யோசித்துப் பார்த்து, இடது கையாலேயே செய்யச் சொன்னான். பிள்ளைக்குச் சொல்லவேண்டியதில் முக்கியமானதை மட்டும் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் கலியன் முன்னால் செய்து காட்டுவாள். "எனக்கு என்னா தெரியும்" என்பான் அவன். ஆனாலும் உட்கார்ந்து பார்ப்பான்.

பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனாள். சத்யா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஆண்டாள் அவளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள். இடது கையைத் தூக்கினாள்.

நல்லா இருக்கியா. சாப்பிட்டியா. அம்மா உன்னையே நினைச்சுக்கினு இருந்தேன்.

சத்யா அசையாமல் நின்றாள். கண்கள் பெரிதாயின. பிறகு அவள் கைகள் கிளம்பின. எவ்வளவோ நாளாக அடைத்து வைத்தது மாதிரி, முகம் சுருங்கி விரிந்து, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி, ஒரு இடத்தில் கண்ணீர் வந்து அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் ஓடின. முதலில் 'அம்மா' என்பது ஆண்டாளுக்குத் தெரிந்தது. பிறகு 'வீடு'. அதற்கப்புறம் எதையும் பிடிக்க முடியவில்லை. சகாயராஜ் படித்த பள்ளியின் சைகை வேறு, இங்கே பேசுகிற சைகை பாதிக்கு மேல் வேறு என்பது அவளுக்குத் தெரியாது. ஆண்டாள் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி கைகளைப் பார்த்தாள். தலையாட்டவில்லை. புரியல என்று இடது கையால் காட்டினாள். அதையும் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

சத்யா நிறுத்தினாள். கோபப்படவில்லை. புதிதாக வந்த சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக, ஒவ்வொன்றாக, சாப்பிட்டேன் என்றாள். நல்லா இருக்கேன் என்றாள். அதோடு கைகளை இறக்கிக்கொண்டாள். ரெண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். டப்பாவைத் திறந்து அம்மாவுக்கும் ஒரு பிடி கொடுத்தாள். நேரம் முடிந்ததும் கேட் வரைக்கும் கூட வந்தாள்.

மரக்காணத்தில் இறங்கியபோது கலியன் டீக்கடை ஓரம் காத்துக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

"கத்துக்கினு போனதெல்லாம் செஞ்சியா?"

"செஞ்சேன்."

"புரிஞ்சுதா அவளுக்கு?"

"புரிஞ்சுது."

ரெண்டு பேரும் ரோட்டைத் தாண்டினார்கள். "என்னா சொன்னா?" என்று கேட்டான் கலியன்.

"சாப்ட்டாளாம். நல்லா இருக்காளாம்."

"வேற?"

"நெறைய சொன்னா" என்றாள் ஆண்டாள்.